மைனஸ் நாற்பது

அப்தலிப் பண்ணைக்கு டிசம்பர் மூன்றாம் தேதி
ஒன்பது குச்சிகள் வந்திறங்கின.
இலை கிடையாது. முள் உண்டு.
ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு பிளாஸ்டிக் சீட்டு.

முதலாளியின் மகள் நூரா
ஜெர்மனியில் படித்தபோது
இதன் சாற்றைக் குடித்துப் பழகியவளாம்.
"கடல் முள்" என்று எனக்குப் பெயரை வாசித்துக் காட்டினாள்.
கடல் இங்கிருந்து ஒரு மணி நேர ஓட்டம்.
முள் அப்போதே விரலில் ஏறியிருந்தது.

சீட்டின் அடியில் பொடி எழுத்து:
மைனஸ் நாற்பது வரை தாங்கும்.
பிளஸ் நாற்பதோடு பத்து வருஷம்
மல்லுக்கட்டியவன் நான்.
அந்தச் சிறு கோட்டையே
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரியில் ஒரு புதன் இரவு
ரப்பர் குழாய் கட்டைபோல் விறைத்துக் கிடந்தது.
தக்காளிக்குச் சாக்கு போர்த்தினோம்.
வெள்ளரிக் கூடாரத்தை இழுத்து மூடினோம்.
குட்டி போட்ட ஆட்டுக்கு
போர்மேனின் பழைய கோட்டு கிடைத்தது.
மிச்சம் மூன்று சாக்கு.
குச்சிகளிடம் கொண்டுபோனேன்.

தண்ணீர் லாரி ஓட்டும் வாங்டி
வண்டியை நிறுத்திவிட்டுச் சிரித்தான்.
முஸ்தாங்காரன்.
"இதற்கா போர்வை?
எங்கள் பக்கம் ஆற்றோரம் சும்மா கிடக்கும்.
கழுதை நுழையாமல் வெட்டி வேலி போடுவோம்.
சாக்கை நீ போர்த்திக்கொள்."
போர்த்திக்கொண்டேன்.
உருளைக்கிழங்கு வாசனை.

விடிந்தபோது
சாக்கு எட்டாத தக்காளி வரிசை கருகியிருந்தது.
பனிக்கும் வெயிலுக்கும்
பயிர் ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது.
குச்சிகளின் முள்நுனியில் உறைபனி,
உப்புத் தூவினாற்போல.
அதற்குக் கீழே செம்பு நிற மொட்டுகள்
ஒன்றும் நடக்காததுபோல் இருந்தன.

பிப்ரவரி கடைசியில்
மொட்டை உருட்டிப் பார்த்து வாங்டி சொன்னான்:
"ஒன்பதும் ஆண்."
எட்டு பெண், ஒன்று ஆண் என்றுதான் பில்லில் இருந்தது.
பெண் செடி இல்லாமல் பழம் ஏது?
"பேச்சலர் கேம்ப்" என்றான்.
எங்கள் அறையில் ஏழு கட்டில்,
ஏழு பேருக்கும் கல்யாணம் ஆகிவிட்டது,
ரெஜிஸ்டரில் ஏழு பேச்சலர்.

மார்ச்சில் மகரந்தம் கிளம்பியது.
மஞ்சளாகக் கொஞ்ச தூரம் தெரிந்தது,
பிறகு எல்லைக் கம்பிக்கு மேலாக
ஈராக் பக்கம் போயிற்று.
நூராவிடம் யார் சொல்வது என்று
இரண்டு வாரம் தள்ளிப்போட்டோம்.
கேட்டுவிட்டு அவளும் சிரித்தாள்.
இலையாவது வரட்டும் என்றாள்.
வந்தது. வெள்ளி பூசிய, மெல்லிய இலை.

ஜூன்.
பதினொன்றிலிருந்து நாலு வரை
வெளியே வேலை செய்யக் கூடாது என்று சட்டம்.
எங்களுக்கு.
நிழல்வலை கட்டினேன்.
வேரடியில் வைக்கோல் பரப்பினேன்.
கேண்டீன் ஐஸ்கட்டிகளை ஒருநாள்
யாருக்கும் தெரியாமல் கொட்டினேன்,
தேநீர் ஆறுவதற்குள் காணாமல் போயின.
சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
இந்தப் பக்கம் எவ்வளவு தாங்கும் என்று
ஒரு வரி இல்லை.
என் ஒப்பந்தத்திலும் இருந்ததில்லை,
நான் தேடியதும் இல்லை.

ஜூலையில் ஆறு.
ஆகஸ்டில் இரண்டு.
பிடுங்கும்போதும் குத்தின.

தொட்டிக்கு வடபுறம், கசிவு சொட்டும் இடத்தில்
ஒன்று மட்டும் மிஞ்சியது.
நூரா பேரீச்சைக்குச் சொல்லிவிட்டாள்.
குழி எடுக்கிறவர்களிடம்
தொட்டிப் பின்புறம் பாறை என்று சொல்லிவைத்தேன்.
அங்கே பாறை கிடையாது.

மறுபடி டிசம்பர்.
இலை கொட்டிக் குச்சியாகிவிட்டது.
இரவு மோட்டாரை அணைக்கப் போகிறேன்,
ஜாக்கெட் இரண்டு, குரங்குக்குல்லா,
அக்குளில் கை.
செல்போன் நாலு டிகிரி காட்டுகிறது.
டார்ச் அடித்தால்
செம்பு நிறத்தில் புது மொட்டுகள்.
பல் கிட்டித்தபடி கணக்குப் போடுகிறேன்:
அதற்கு இன்னும்
நாற்பத்து நாலு டிகிரி பாக்கி.