முப்பது, முப்பத்தொன்று

அல்கோர் முகாமிலிருந்து
ஐஸ்பெட்டியில் வந்திறங்கிற்று
நாற்பது பேரின் காலைச் சிறுநீர்.
பத்து நாளாய் அவர்கள் மதியத் தட்டில்
நாங்கள் அளந்து வைத்த முட்டைக்கோஸ்.

தின்ற இலை உடம்புக்குள் பெயர் மாறி
வெளியேறும் தடத்தை
மேடு மேடாய் வரைகிறது இயந்திரம்.

முப்பதில் மேடே இல்லை.
முப்பத்தொன்றில் இரண்டு மடங்கு.
குழாயைக் கழுவி மறுபடி ஓட்டினேன்,
அதேதான்.

படிவங்களை எடுத்தேன். ஒரே அறை.
மேல்கட்டில் செய்யது மீரான்,
கீழ்கட்டில் மரியசூசை.
‘இரவு என்ன சாப்பிடுவீர்கள்?’
மரியசூசையின் கட்டத்தில்
ஒரு சின்னக் கோடு மட்டும்.

“பிழை. இரண்டையும் தூக்கிவிடு”
என்றார் டாக்டர்.

தூக்குமுன்
இரண்டையும் கூட்டி
இரண்டால் வகுத்துப் பார்த்தேன்.
கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.