கதிரையிலிருந்து விழுந்தவர்

அட்டையில் அப்படித்தான் எழுதியிருந்தது.
விழுந்தது றுசைக் மட்டுமல்ல,
நல்லரெத்தினம் அண்ணரின் பேனையிலிருந்து ஓர் உகரமும்.
"குதிரை, மிஸ், குதிரை" என்றார் றுசைக்,
நாரியைப் பிடித்தபடி,
சிரித்தால் வலிக்கும் என்பதால் சிரிக்காமல்.

வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் எனக்கு
இரண்டு கட்டில், எங்கும் போகாத ஒரு சைக்கிள்,
சுவரில் முதுகெலும்புப் படம்.
படத்தின் அடியில், நரம்புகள் அவிழ்ந்து தொங்கும் இடத்துக்குப் பெயர்
குதிரைவால்.
பதினொரு வருடமாய் அதைச் சுட்டிக்காட்டி வருகிறேன்.
உயிருள்ள குதிரையைத் தொட்டதில்லை.

ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னேன்.
இடக்காலில் பத்து எண்ணினார்.
வலக்காலில் மூன்று எண்ணுமுன்
இடுப்பு சரிந்தது.
"ஏறி இருக்கும்போது பாரம் எந்தப் பக்கம்?"
"அவளத்தான் கேக்கணும், மிஸ்.
அவளும் ஒரு மாசமா வலப்பக்கம் கிறுகுறாளில்ல."

அவள் பெயர் டிசம்பர்.
நுவரெலியாவில் ஓடித் தோற்று
மரக்கறி லொறியில் மலையிறங்கியவள்.
பாசிக்குடாக் கரையில் ஒரு சுற்றுக்கு ஆயிரம் ரூபாய்,
பிள்ளைகளுக்குப் பாதி.

ஞாயிற்றுக்கிழமை போனேன்.
"பின்னுக்கு நிக்காதீங்க, மிஸ்!"
பின்னுக்கு நின்றுதான் நான் எல்லாரையும் பார்ப்பது.
நடந்தாள். வலப் பிட்டி
இடதை விடக் கொஞ்சம் வற்றியிருந்தது.
முதுகில் உள்ளங்கையை வைத்தேன்.
இலையானை விரட்டுவதுபோல் தோல் துடித்தது.
இலையான் இல்லை.

பல வருடமாய்க் கடிதம் எழுதிக் கேட்டும்
கிடைக்காத நீர்ச்சிகிச்சைத் தொட்டி
அங்கே, முழங்கால் ஆழத்தில்,
கண்ணுக்கெட்டிய தூரம் சும்மா கிடந்தது.
"மூன்று கிழமை ஏறவேண்டாம்.
ரெண்டு பேரும் இறங்கி நடங்க."
இருபத்தொரு நாளை ஆயிரத்தால் பெருக்கினார்,
புல்லுக் காசு, மகளின் டியூஷன் காசு,
பிறகு கணக்கை விட்டுவிட்டுக்
கடலைப் பார்த்தார்.

நடந்தார்கள்.
கரையில் நின்றவர்கள் படம் எடுத்தார்கள்.

கரட்டை விலாப்பக்கம் நீட்டினால்
இடப்பக்கம் கழுத்து வளைந்து வந்தது.
வலப்பக்கம் பாதியில் நின்று
கண்ணால் மட்டும் சாப்பிட்டாள்.
ஏழாம் நாள் உதடு தொட்டது.
பத்தாம் நாள் என் விரலையும் சேர்த்து.

அவருக்கும் பயிற்சி கொடுத்தேன்:
மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்து,
முப்பது தரம், காலையும் மாலையும்.
மணலில் படுத்து இப்படிச் செய்தால்
ஊர் என்ன நினைக்கும் என்றார்.
குதிரை ஒரு நாளும் அப்படிக் கேட்கவில்லை.

மூன்றாம் கிழமை கிளினிக்குக்கு வந்தார்,
சாரனில் சுற்றிய பெரிய பொதியோடு.
பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் கேட்டார்களாம்.
சேணம்.
என் கட்டிலில் கவிழ்த்துப் போட்டோம்.
பெருவிரலால் அழுத்தினேன்,
மேலிருந்து கீழே, ஆளுக்கு அழுத்துகிற மாதிரி.
இடப்பக்கத் திணிப்பு விம்மி நின்றது.
வலப்பக்கம் ஆறின அப்பம்.

அவர் சரிந்து இருந்ததால் சேணம் அமுங்கியதா,
அமுங்கிய சேணத்தில் அவர் சரிந்தாரா,
இல்லை, முதலில் முதுகைத் தாழ்த்தியவள் டிசம்பரா?
படித்தவள்தான். எனக்குத் தெரியவில்லை.
மூவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை,
அது மட்டும் கைக்குத் தெரிந்தது.

நல்லரெத்தினம் அண்ணர் எட்டிப் பார்த்தார்.
"இதுக்கும் அட்டை போடவா?"
"வேணாம் அண்ணன். கல்குடா றோட்டில
கதிரைக்கு மெத்தை தைக்கிற ஆள் இருக்கிறார்."
"கதிரை" என்றார் அவர்,
"நான் அப்பவே எழுதினனே."

அப்போதுதான் றுசைக் சிரித்தார்.
நாரியைப் பிடிக்காமல்.

ஜன்னலால் பார்த்தேன்.
பஸ் வரக் கொஞ்சம் சுணங்கியது.
வலத்தோளில் கிடந்த சேணத்தை
நான் சொல்லாமலே
இடத்தோளுக்கு மாற்றினார்.
இவ்வளவு நேரமும் ஒரு காலிலேயே நின்றிருக்கிறேன்.
நானும் மாற்றிக்கொண்டேன்.