இடப்பக்கப் பின்மூலை

பத்து மாதம் கழித்து
அதே மூன்றாம் நம்பர் கோர்ட்.
மஸ்கட், காலா பகுதியில்
டயர்க் கிடங்குகளுக்குப் பின்னால்
ஏசி உறுமும் தகரக் கொட்டகை.
வெளியே இரவு ஒன்பது மணிக்கும்
முப்பத்தொன்பது டிகிரி.
உள்ளே ரப்பர் வாசனை,
காயாத சாக்ஸ் வாசனை,
யாரோ தடவி வந்த தைல வாசனை
(இந்த முறை அது நான்தான்).

இறகுப்பந்து என்ன செய்துவிடும்,
ஐந்து கிராம்.
அதை எட்டத்தான் பின்னால் குதித்தேன்,
இடது காலில் இறங்கினேன்,
உள்ளே யாரோ
முருங்கைக்காயை ஒடித்தார்கள்.
எதிர்ப்பக்கம் நின்ற சுதாகரனுக்கும் கேட்டதாம்.
பந்து கோட்டுக்குள் விழுந்தது;
பாயிண்ட் அவர்களுக்கு.

பிறகு
தொடையின் பின்னாலிருந்து ஒரு நாரை உருவி
முழங்காலுக்கு வேலை மாற்றினார்கள்,
என்.ஓ.சி. கேட்காமல்.
புது இடம் பழக ஒரு வருடமாகும்,
அதுவரை தான் யாரென்று அதற்கே தெரியாது
என்றார் டாக்டர்.
டைல்ஸ் கம்பெனிக்கு வந்த முதல் வருடம்
நானும் அப்படித்தான் இருந்தேன்.
விமான நிலையத்தில்
உள்ளிருக்கும் திருகாணி மணியடிக்குமென்று
சான்றிதழைக் கையில் பிடித்து நின்றேன்.
அடிக்கவில்லை.
கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பிசியோதெரபி அறையில் பத்ரியா
"வாஹித்" என்பாள், மடக்குவேன்.
"இத்னேன்", நீட்டுவேன்.
"தலாத்தா"வுக்குப் பல்லைக் கடிப்பேன்.
பதினோரு வருடம்
டாக்ஸிக்கும் மீனுக்கும்
அரைகுறை இந்தியில் பேரம் பேசியவளுக்கு
முழங்கால் வழியாக ஏறியது அரபி.
அழுதால் எண்ணுவதை நிறுத்துவாள்,
கண் துடைக்கத் தாள் நீட்டுவாள்,
விட்ட எண்ணிலிருந்து தொடங்காமல்
மறுபடி வாஹித்.

இன்றும் மெர்லின்தான் என் ஜோடி.
பதினொன்று வரை நான் கவனிக்கவில்லை.
பிறகுதான் தெரிந்தது,
இடப்பக்கப் பின்மூலைக்கு வரும் ஒவ்வொரு பந்தையும்
என் முதுகுக்குப் பின்னால் ஓடி
அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்,
முகம் சிவந்து, மூச்சு வாங்கி.
எதிர்ப்பக்கமும் அங்கே அடிப்பதை
எப்போதோ நிறுத்தியிருந்தது.
மூன்று பேரும் ஒரு சொல் பேசாமல்
அந்த மூலைக்குத் திரை போட்டிருந்தார்கள்,
நோயாளி தூங்கும் அறைக்குப் போடுவதுபோல.

"மெர்லின், அது என் மூலை."
"சும்மா இருடீ."
"என் மூலை."
மட்டையை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டு
முன்னே போய் நின்றாள்.
"அங்க போடுங்க" என்று கத்தினேன் சுதாகரனிடம்.
போடவில்லை.
அடுத்ததையும் போடவில்லை.
மூன்றாவதை, மனசே இல்லாமல்,
உயரத் தூக்கினார்.

விளக்குகளுக்கு நடுவே ஏறி
அங்கேயே கொஞ்சம் யோசித்துத்
திரும்பியது.
பின்னால் நடந்தேன். இல்லை, ஓடினேன்.
குதிக்காமலே அதை அடித்திருக்கலாம்.

குதித்தேன்.
மேலே இருந்த அந்தத் துளி நேரத்தில்
முருங்கைக்காய்ச் சத்தம் முழுசாகக் கேட்டது.
பிறகு தரை.
இடது கால்
மடங்கியது,
பத்ரியா சொன்ன அளவு மடங்கியது,
நிமிர்ந்தது.

பந்து வலையில் மாட்டித் தொங்கியது.
யாரும் கைதட்டவில்லை, நல்ல மனிதர்கள்.
மெர்லின் மட்டும்
"நானே எடுத்திருப்பேன்" என்று முணுமுணுத்தாள்.

வலையிலிருந்து உருவி எறிந்தேன்.
"ஸ்கோர் என்ன?" என்றார் சுதாகரன்.
பன்னிரண்டு பதினாறு என்று
சொல்ல வாயெடுத்தால்
வந்தது,
வாஹித்.