இடது தோள்

மஞ்சக்குப்பம் மைதானத்தில்
பதினோராவது நிமிடம்
நீ அடித்த பந்து
பேடு முடிகிற இடத்துக்கு மேலே
தொடையில் வந்து பட்டது.
கோல் இல்லை.
உங்கள் பாண்டிச்சேரிக் கூட்டம் உச்சுக்கொட்டியது.
நீ மட்டும் ஸ்டிக்கைத் தாழ்த்தி
"வலிக்குதா?" என்றாய்.
"போடீ" என்றேன்.

ஒரு வாரம்
நாவற்பழ நிறத்தில் இருந்தது,
பிறகு பச்சை, பிறகு மஞ்சள்.
தைலத்தோடு வந்த அம்மாவைத்
தொட விடவில்லை.

உப்பளத்தில் மறு ஆட்டம்.
மூன்று கோல் போட்டாய்.
மூன்றாவதை நீ கொண்டாடவில்லை.
கடைசி விசிலுக்குப் பிறகு
கைப்பட்டையைக் கழற்றி
என் ஹெல்மெட்டுக்குள் திணித்துவிட்டு
ஓடியே போனாய்.

திரும்பும் பஸ்ஸை
ஆல்பேட்டை செக்போஸ்டில் நிறுத்தினார்கள்.
கிட் பையைத் துழாவிய போலீஸம்மா
பாட்டில் தேடினார்.
கிடைத்தது
இன்னும் ஈரம் காயாத அது.
நீல நூலில் உன் பெயர்:
பவுலின்.

"உன்னோடதா?"

கார்னருக்குக் கோட்டில் நிற்கும்போதுகூட
இப்படி நெஞ்சு அடித்ததில்லை.
ஆமாம் என்றேன்.

ஞாயிறு இறுதியாட்டம்.
அடிக்கும் முன்
உன் இடது தோள் ஒரு நூல் இறங்கினால்
பந்து வலப்பக்கம் வரும்.
எங்கள் கோச்சிடம்கூட
இதைச் சொல்லவில்லை.

தடுக்கத்தான் போகிறேன், ஏமாறாதே.