காலி எடை

நிறைந்து வரும் லோரியை முதலில் நிறுப்பேன்.
கொட்டிவிட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை.
பெரியதில் சிறியதைக் கழித்தால் பழம்.
லாபிஸ் செம்பனை மில்லில் நாலு வருஷமாய் இதுதான் வேலை,
நாற்காலிக்கும் முதுகுக்கும் நடுவே
ஒரு டென்னிஸ் பந்தைச் செருகிக்கொண்டு.

அதற்கு முன் தாண்டிக்கொண்டிருந்தேன்.
மும்முறைத் தாண்டல்.
பன்னிரண்டு மீட்டர் எண்பத்து நாலு.
கேட்டால் சென்டிமீட்டர் பிசகாமல் சொல்வேன்,
யாரும் கேட்பதில்லை.

மழைவிட்ட ஒரு மாலை. மணல் இறுகிக் கிடந்தது,
கிளறிவிட ஆள் வரவில்லை.
விழுந்தபோது எழுந்தது
குலை தரையில் விழும் அதே சத்தம்.
எழுந்தேன், மணலைத் தட்டினேன்,
பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.
வலி அடுத்த பஸ்ஸில் வந்தது.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஸ்கேனில் 'கொஞ்சம்'.
உருவிவிட்டவர், குவளை வைத்து ரத்தம் உறிஞ்சியவர்,
நூற்றிருபது வெள்ளிக்கு இடுப்புப் பெல்ட் விற்றவர்
எல்லாரும் வந்து போனார்கள்.
அது மட்டும் தங்கிவிட்டது, வாடகை தராமல்.
"நெசமாவே வலியா, இல்ல பயமா?"
என்று கேட்டான் லோகன் அண்ணன் ஒருநாள்.
குனிய முடிந்திருந்தால்
செருப்பைக் கழற்றி எறிந்திருப்பேன்.

சிகாமட் ஆஸ்பத்திரி. செவ்வாய்க்கிழமை.
பத்துக்கு எத்தனை வலி என்றாள் மிஸ்ஸி.
நாள் முழுக்கக் கிலோ தவறாமல் எழுதுகிற கை இது.
ஏழு என்று பொய் சொன்னேன்.
ஒன்பது என்றால் நடிக்கிறாள் என்பார்கள்,
ஐந்து என்றால் மாத்திரை கொடுத்து அனுப்புவார்கள்.

குப்புறப் படுக்கவைத்தார்கள், வயிற்றுக்கடியில் தலையணை.
பச்சைத் துணியில் வெட்டிய சதுரம்,
அதற்குள் மட்டும் நான்.
முதல் ஊசி மரத்துப்போக.
இரண்டாவது நீளம்.
திரையைப் பார்த்தபடி டாக்டர் சுரைனி
இழையிழையாய் இறக்கினார்,
எதையோ எழுப்பிவிடக்கூடாது என்பதுபோல.

எழுந்தது.
இடுப்பிலிருந்து கெண்டைக்கால்வரை ஒரே கம்பியாய்.
"சினி?"
"சினி" என்றேன். "இங்கதான். இதேதான்."

கண்ணீர் அந்த வலிக்கு இல்லை.
நாலு வருஷமாய் வழி சொல்லிச் சொல்லியும்
ஒருவரும் கண்டுபிடிக்காத வீட்டுக்கு
ஒரு ஆள் வந்து
கதவைத் தட்டியிருந்தார்.

"சிலருக்குக் கேட்கும், சிலருக்குக் கேட்காது.
ரெண்டு வாரம் பொறுங்க.
வருஷத்துக்கு மூணுதான், அதுக்கு மேல போடமாட்டேன்."
மூன்று.
போட்டியிலும் முதலில் அவ்வளவுதான் தருவார்கள்.

இடது கால் என்னுடையதாய் இல்லை அன்று.
லோகன் அண்ணன்தான் தூக்கி லோரியில் உட்காரவைத்தான்.
தெனாங் தாண்டியதும் கேட்டான், "ஊசி நீளமா?"
இரண்டு விரலை விரித்துக் காட்டினேன்.
"ம்" என்றான்.
அவனிடம் அதற்குமேல் மன்னிப்பு கிடையாது.

ஆறாம் நாள் வலி கூடியது.
எட்டாம் நாள் டாக்டரைத் திட்டினேன், மனசுக்குள், மலாயில்.
பதினோராம் நாள்
லோரியிலிருந்து தெறித்த உதிரிப் பழம் ஒன்று
வாசல்வரை உருண்டு வந்தது.
எடுத்து வெளியே எறிந்துவிட்டு
அடுத்த எடையை எழுத உட்கார்ந்தேன்.
பாதி எண்ணில் பேனா நின்றது.
குனிந்தது யார்?

காலி லோரிக்கும் ஒரு எடை உண்டு.
என்னுடையது இதுவரை நிறுத்ததில்லை.
வலியைக் கழித்துவிட்டால் மிச்சம்
அந்தப் பன்னிரண்டு எண்பத்து நாலா,
இல்லை, அண்ணன் கேட்டானே, அதுவா?

ஞாயிறு, தமிழ்ப்பள்ளித் திடலுக்குப் போனேன்.
மணல்குழியில் லாலான் முளைத்திருந்தது.
தாண்டும் பலகையில் குதிகாலை வைத்து
ஓட்டத்தின் தொடக்கத்தைத் தேடி
பின்னோக்கி எண்ணிக்கொண்டே நடந்தேன்.
முப்பது, முப்பத்தொன்று,
முப்பத்திரண்டாவது அடியில்
யாரோ ஒரு மைவியை நிறுத்தியிருந்தார்கள்.

உள்ளே ஆளில்லை.
காரில் சாயாமல் நின்றுகொண்டிருந்தேன்,
சாவிக்காரர் வரட்டும் என்று.