அறுபத்தெட்டு

மார்க்கம் வீதி பஸ்ஸின் ஜன்னலெல்லாம் உப்புக்கறை.
மடியில் படிவம். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பன்னிரண்டாம் வகுப்பு இரசாயனம்: அறுபத்தெட்டு.
திரும்ப எடுத்தால் செவ்வாய் இரவுகள் போகும்.
ஞாயிறுகளை ஏற்கெனவே
பல்கலைக்கழக நிலை நுண்கணிதம் தின்கிறது.

"எழுபத்தைஞ்சு கேப்பாங்கள்" என்கிறான் நிலோஜன்,
தன் தொண்ணூற்றொன்றை
ஜாக்கெட்டுக்குள் பத்திரமாய் வைத்துக்கொண்டு.

அன்று பியூரெட்டில்
ஒரு துளி கூடிவிட்டது.
வெளிறிய ரோஸில் நின்றிருக்கவேண்டியது
பீட்ரூட் சாறானது.
"கழுவிவிட்டு இன்னொருமுறை" என்றார் மிஸ் கோவல்ஸ்கி.
மணி அடித்துவிட்டது.

எலஸ்மியரில் இறங்கவேண்டும்.
இறங்கவில்லை.

எண்ணுக்காகத்தான் என்று
அம்மாவிடம் சொல்லிக்கொள்ளலாம்.
எனக்கு அந்த ரோஸ் நிறத்தை
ஒருமுறை பார்க்கவேண்டும்.

பேனாவைத் திறந்தேன்.
பஸ் குலுங்கியது.
சரிக்குறியின் வால்
கட்டத்தைத் தாண்டி
நுண்கணிதத்தின் மேல் ஏறிக் கிடக்கிறது.