வவுச்சர் எண் 47

கொடிக்கயிறு, நைலான், இருபது மீட்டர்: நூற்று எண்பது.
போன வருஷக் கயிறு எங்கே என்றார் தணிக்கையாளர்.
ஊராட்சிக் கிணற்று வாளியில் இருக்கிறது, சார்.
எழுதிக்கொண்டார்.

ரோஜா இதழ், கால் கிலோ: எழுபது.
கொடிக்குள் மடித்து வைத்தது.
அவிழ்ந்து தரைக்கு வர நாலு விநாடி.
அதற்கு மேல் எனக்கும் விளக்கம் தெரியவில்லை.

மைக்செட், அடைக்கலம், அரை நாள்: ஆயிரத்து இருநூறு.
அவன் ரசீதின் தலைப்பில்
காதுகுத்து, பூப்பு நீராட்டு, கிடாவெட்டு என்று அச்சடித்திருக்கிறது.
சுதந்திரத்தைப் பேனாவால் சேர்த்திருந்தான்,
எழுத்துப் பிழையோடு.

மிட்டாய் இருநூறு. பிள்ளைகள் நூற்றுப் பதினாறு.
கணக்கு இடிக்கிறதே?
நூறு நாள் வேலைப் பெண்கள் வந்திருந்தார்கள், சார்,
பத்து வாரக் கூலி பாக்கியைக் கேட்க.
கொடி ஏறும்வரை பேசாமல் நின்றார்கள்.
முந்தானையில் முடிந்துகொண்டதை
நான் எண்ணவில்லை.

நன்கொடை வரவு: மூவாயிரம்.
சாத்தப்பன் அண்ணன் சென்னையிலிருந்து போனில் அனுப்பியது.
அவர் வீட்டுக்கு எண்பத்திரண்டு ஜன்னல்,
திறப்பது காவல்காரர் படுக்கும் அறையில் ஒன்று.
ஆகஸ்ட் பதினாறு, காலை ஆறு மணிக்கே கூப்பிடுவார்:
"ஐந்தொகை இன்னும் வரலையே, தம்பி?"
ஒரு வருஷம் பதினேழு ரூபாய் மிஞ்சியது.
முன் இருப்பாக எழுதச் சொன்னார்.
தேசத்தின் மேல் அவருக்குப் பிரியமா, தெரியாது.
அந்தப் பதினேழு ரூபாய் மேல் இருந்தது.

நானும் கணக்குப் போடாதவன் இல்லை.
கீழத்தெருவில் பொங்கலிலிருந்து இருட்டு.
ஒவ்வொரு வருஷமும் பேரேட்டின் ஓரத்தில் பென்சிலால்
'இந்தப் பணத்துக்கு விளக்கு நாலு' என்று எழுதுவேன்,
தணிக்கைக்கு முந்தின நாள் அழித்துவிடுவேன்.
புதுவயல் ஆலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
சாயங்காலத்துக்குள் கொடியில் உமிச்சாம்பல் படிந்துவிடும்.
இறக்கி, உதறி, மடித்து, பீரோவில் வைத்தால்
அடுத்த வருஷம் எலி கடித்திருக்கும்.
மறுபடி காரைக்குடிக்குப் பஸ், மறுபடி ஒரு கொடி.

காவலர்களுக்கு டீ, இரண்டு: இருபத்து நாலு.
இது எதற்கு?
கடிதம் வந்திருந்தது, சார், கலெக்டர் ஆபீஸிலிருந்து.

நாற்காலி வாடகை, சோணமுத்து பந்தல் கடை:
பன்னிரண்டுக்கு நூற்று இருபது.
அங்கேதான் அவர் விரல் நின்றது.
போன வருஷம் பதினொன்று.
அதற்கு முந்தின வருஷமும் பதினொன்று.
புதிதாக யார் வந்தது?

யாரும் வரவில்லை, சார். அதே ஆட்கள்.
தவமணி தலைவராகி இது மூன்றாம் வருஷம்.
முதல் இரண்டு வருஷமும்
பால்வாடிப் பிள்ளைகளோடு சுவரோரம் நின்றார்.
கயிற்றைத் துணைத்தலைவர் இழுத்தார்.
நான் மினிட் புத்தகத்தில்
'தலைவர் முன்னிலையில்' என்று எழுதினேன்.
பொய் இல்லை. முன்னால்தான் நின்றார்.

இந்த வருஷம் கயிறு அவர் கைக்குப் போனது.
பாதியில் முடிச்சு சிக்கிக்கொண்டது.
யாரும் நகரவில்லை. நானும்தான்.
மைக் மட்டும் உய்ங்ங் என்றது.
செருப்பைக் கழற்றிவிட்டு
கம்பத்தடியில் காலை ஊன்றி
ஒரு வெட்டு வெட்டி இழுத்தார், பாருங்கள்,
இதழெல்லாம் அவர் தலையிலேயே கொட்டியது.
தட்டிவிடாமல் போய் உட்கார்ந்தார்.
சிவப்பு நாற்காலி, ஒரு கால் லேசாகக் கோணல்.

அவர் உட்கார்ந்ததும்
துணைத்தலைவரும் இன்னும் இரண்டு பேரும்
எழுந்து வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார்கள்.

தணிக்கையாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"அப்படியானால் மூன்று நாற்காலி காலி.
பன்னிரண்டாவது தேவையே பட்டிருக்காதே?"

கணக்குப்படி சரிதான்.

'தவிர்த்திருக்கக்கூடிய செலவு, ரூபாய் பத்து,
செயலரிடம் வசூலிக்கவும்' என்று சிவப்பு மையில் எழுதினார்.
சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கட்டினேன்.
ரசீது கேட்டு வாங்கினேன்.
கோப்பில் சேர்க்கவில்லை,
பர்ஸில் பிள்ளை போட்டோவுக்குப் பின்னால் இருக்கிறது.

அன்று பத்தரை மணிக்குக் கிராம சபை.
தலையில் ஒட்டிய இதழோடு தவமணி படித்த
முதல் தீர்மானம்: கீழத்தெருவுக்கு விளக்கு, நாலு.
இந்த முறை பென்சிலில் இல்லை, மையில் எழுதினேன்.
மதிப்பீடு ஒன்றியத்துக்குப் போயிருக்கிறது.

இன்றைக்குத் தேதி அக்டோபர் ஒன்பது.
இன்னும் எரியவில்லை.